பத்து விநாடி கேட்ட தட்டு

தவசிமுத்து அண்ணாச்சிக்குப் பாட்டு என்றால் உயிர் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். வீட்டில் எழுநூறு இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருந்த அந்த மனிதர் ஒரு பாட்டைக்கூட முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை. டீக்கடையில் ரேடியோ பாடினால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுகிற ஆள் அவர். இதை நான் சொன்னால் நம்பலாம். பன்னிரண்டு வருஷம் அவருடைய ரெக்கார்டு பிளேயருக்கு முள் மாற்றிக் கொடுத்தவன் நான்தான்.

என் பெயர் ஹமீது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர்க் கடை. அதற்கு முன்னால் சொந்தமாக மைக் செட் வைத்துக் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, தர்கா கந்தூரி, கிறிஸ்துமஸ் என்று ஒன்றுவிடாமல் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். கேசட் வந்தது, என் தட்டுகளைக் கேட்பாரில்லை. வந்த ஆளுக்கு மூட்டையாகத் தள்ளிவிட்டு ரிப்பேருக்கு உட்கார்ந்தேன். அந்த வந்த ஆள்தான் தவசிமுத்து.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பஸ்ஸில் வந்து போவார். மனைவி பரிபூரணம். பிள்ளைகள் இல்லை. பரிபூரணத்தைக் கட்டிக்கொடுத்தபோது பெண் வீட்டார் சொன்ன பெருமை ஒன்றே ஒன்றுதான்: எங்கள் பெண் ரெக்கார்டில் பாடியவள். 1970-ல் சர்ச் பாடகர் குழுவிலிருந்து பன்னிரண்டு பெண்களை ரயிலில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் ஒரு கிறிஸ்துமஸ் தட்டு போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு கீர்த்தனையில் நடுச்சரணம் தனிக்குரல். அதைப் பாடியது பரிபூரணம் என்று சொல்லித்தான் கல்யாணப் பேச்சே தொடங்கியது. பெண்ணின் அப்பா கையில் இருந்த ஒரே பிரதியை யாரோ மைக் செட்காரர் கிறிஸ்துமஸுக்கு இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. அண்ணாச்சியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடுகிறவளே வீட்டில் இருக்கும்போது தட்டு எதற்கு?

83-ல் பரிபூரணம் அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். மதுரையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தது, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதை மூடிய மெல்லிய கட்டுத்துணி, மடியில் ஒரு சிலேட்டு. முப்பத்திரண்டு வயது அப்போது அவருக்கு. அடுத்த மாதமே அண்ணாச்சி என் கடைக்கு வந்து அந்தத் தட்டு உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கலாம் என்றேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் என்றால் அது எங்கள் தொழிலின் கிறுக்குத்தனம். அந்தக் காலத்தில் ஒரு புதுப்பாட்டுக்காகவே ஒரு செட்டைக் கூப்பிடுவார்கள். பக்கத்துச் செட்டுக்காரன் வந்து நின்று தட்டின் நடுவில் இருக்கும் பெயரைப் பார்த்து மதுரைக்குப் போய் அதையே வாங்கிவந்துவிடுவான். அதனால் நாங்கள் எல்லோரும் பெயருக்கு மேல் மைதாப்பசை தடவித் தாளை ஒட்டி வெறும் நம்பரை எழுதிவிடுவோம். எந்த நம்பருக்கு எந்தப் பாட்டு என்பது முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும். செட்டை மூடியபோது நோட்டுகள் பலசரக்குக் கடைக்குப் போய்விட்டன. என்னுடையதில் யாரோ கடுகு மடித்து வாங்கிப்போயிருப்பார்கள். ஒட்டிய தாளை நனைத்து உரித்தால் கீழே இருந்த அச்சும் சேர்ந்து அழிந்தது. ஆக, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிடந்த ஆயிரக்கணக்கான தட்டுகளில் எது என்ன என்று அல்லாவுக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரே ஒரு தட்டு வேண்டும் என்றால் யாரும் தரமாட்டார்கள். எடுத்தால் மூட்டையோடு எடு என்பார்கள். அப்படித்தான் அவர் சேகரிப்பாளர் ஆனார், விருப்பமே இல்லாமல். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்ச்சாமி செட்டை மூடியபோது இரண்டு சாக்கு. சித்திரை வெயிலில் சாக்கை பஸ் கூரையில் போட்டார்கள். இறக்கும்போது மேலே இருந்த முப்பது தட்டும் அப்பளமாக நெளிந்திருந்தன. அந்த முப்பதில் அது இருந்திருந்தால் என்று ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார். செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்பில் கிளி விரட்டத் தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, மழையில் மரம் ஏறி, காவல்காரரிடம் திருடன் பட்டம் வாங்கி வந்தார். சுந்தரபாண்டியத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். என்னவென்று பார்த்தால் பாயசத் தவலையை ஒரு தட்டால் மூடி வைத்திருந்தார்களாம். அதைக் கழுவித் துடைத்துக் கையில் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தோம். நாட்டு மாடுகளுக்கு வரும் நோய்கள் பற்றிய பிரசாரப் பேச்சு.

எல்லாவற்றையும்விடக் கொடுமை உறை கிடைத்ததுதான். 87-ல் செட்டியார்பட்டியில் ஒரு வீட்டில் அந்தத் தட்டின் உறையே கிடைத்தது. பின்பக்கம் வெள்ளைச் சேலையில் பன்னிரண்டு பெண்கள், மூன்றாவதாக நிற்பது பரிபூரணம். உறையைத் திறக்காமலே மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு என் கடைவரை வந்தார். உள்ளே இருந்தது ஒரு நகைச்சுவை நாடகம். நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முள் சீக்கிரம் தேய்ந்துபோகும், நல்ல முள் கிடைப்பது கஷ்டம். அதனால் தொடக்கத்திலேயே ஒரு யோசனை சொல்லியிருந்தேன். ஒவ்வொரு தட்டையும் பத்து விநாடி ஓட்டினால் போதும், கிறிஸ்தவப் பாட்டா இல்லையா என்று தெரிந்துவிடும், தெரிந்ததும் முள்ளைத் தூக்கிவிடுங்கள் என்றேன். மகா புத்திசாலி நான். அவர் மில்லில் நூலைத் தரம் பிரிப்பதுபோலப் பிரித்தார். சினிமா ஒரு அடுக்கு, பேச்சு ஒரு அடுக்கு, பள்ளிவாசல் பாட்டு ஒரு அடுக்கு, கோயில் நாதஸ்வரம் ஒரு அடுக்கு. அந்தக் கோயில் அடுக்கை வீட்டில் இடமில்லை என்று என் கடையிலேயே போட்டுவிட்டார். ஸ்பீக்கர் சோதிக்க நாதஸ்வரமும் தவிலும்போல எதுவும் கிடையாது, எனக்கும் வசதியாக இருந்தது.

பரிபூரணம் அக்கா இந்தத் தேடலைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டார். வீட்டுக்குப் போனால் ‘வாங்க பாய்’ என்று எழுதிக் காட்டுவார், டீ கொடுப்பார், அண்ணாச்சி தட்டைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு முறை முள் இறங்கும்போதும் அவர் கை சிலேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். ஆசையாக்கும் என்று நினைத்தேன்.

அவர் பாட்டை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் சர்ச்சில் அசனப் பண்டிகை என்று வருஷம் ஒருமுறை ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு நாலைந்து வருஷம் நான்தான் செட். மற்றப் பெண்கள் பாடினால் மைக்கை வாயருகே வைக்க வேண்டும். பரிபூரணம் அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, பாஸ் கனத்தையும் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் அதிரும். தாழ்ந்த, அடர்த்தியான குரல். வரி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு நடுக்கம். ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருக்கலாம். என்னிடம் டேப் ரெக்கார்டர் இருந்தது. யாருக்குத் தோன்றியது? இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கும்.

தொண்ணூறாம் வருஷம் என்று நினைக்கிறேன். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணாச்சி டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார். அப்புறம் சொன்னார்.

“பாய், அவ சொன்ன வார்த்தை அம்புட்டும் ஞாபகம் இருக்கு. எங்கம்மா செத்தப்ப சொன்னது, ஆபரேசனுக்குப் போறதுக்கு முன்னாடி சொன்னது, எல்லாம். குரலு மட்டும் வரமாட்டேங்கு. சிலேட்ட நான் படிக்க மாதிரி என் குரல்லதான் கேக்குது.”

தட்டு கிடைத்தால் எல்லாம் வந்துவிடும் அண்ணாச்சி என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு தேடுகிற வேகம் கூடியது. லீவு போட்டுத் தேடினார். மில்லில் மெமோ கொடுத்தார்கள். சக ஊழியர்கள் ரெக்கார்டுப் பைத்தியம் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. இருக்கிற மனுஷியோடு உட்காராமல் இல்லாத குரலுக்காக ஊர் ஊராக அலைகிறாரே என்று. அவரிடம் சொல்லவில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்திருந்தது.

94 கார்த்திகையில் ஒரு காலை. ஒரு ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்து, கோயில் அடுக்கில் எப்போதும் போடுகிற அந்தச் சின்னத் தட்டை வைத்து முள்ளை இறக்கினேன். நம்பர் 141, பால்ச்சாமி கையெழுத்து. நாதஸ்வரம் தொடங்கும், தவில் சேரும், எனக்கு அது போதும், எடுத்துவிடுவேன். ஒன்பது வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்துபோய் நின்றுவிட்டேன். உள்ளே நாதஸ்வரம் முடிந்தது. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். பெத்லகேம் என்று ஒரு சொல் காதில் விழுந்தது.

கீர்த்தனைக்கு முன்னால் நாதஸ்வரம் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். என் பத்து விநாடி யோசனையால் அந்தத் தட்டு ஒன்பது வருஷம் என் மேஜைமேலேயே கிடந்திருக்கிறது. நாதஸ்வரப் பகுதி மட்டும் தேய்ந்து கரகரத்தது. அதற்கு மேல் யாரும் கேட்காததால் பாட்டு புத்தம் புதிதாக இருந்தது.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட வந்ததில்லை. நடுச்சரணம் வந்தது. தனிக்குரல் எழுந்தது. மெலிந்த குரல். உச்சத்தில், கம்பிபோல. வரி முடிகிற இடத்தில் சுத்தமாக நின்றது, நடுக்கமே இல்லை. மைக்கை வாயருகே வைத்துப் பாடுகிற குரல். மூன்று தடவை போட்டுக் கேட்டேன். அது பரிபூரணம் அக்கா இல்லை.

இரண்டு நாள் தட்டைக் கடையிலேயே வைத்திருந்தேன். மெட்ராஸ் மெஷினில் குரல் மாறியிருக்கலாம், பத்தொன்பது வயதுக் குரல் அப்படித்தான் இருந்திருக்கும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பதினொரு வருஷம் தேடிய மனிதரிடம் மறைக்க நான் யார் என்றும் தோன்றியது. இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர் மனைவி, நான் இல்லை என்று முடிவு கட்டி ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். கோழைத்தனம் என்றால் அதுதான்.

தட்டு கிடைத்துவிட்டது என்றேன். அண்ணாச்சி சர்ச்சுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தார். சட்டம் போட்டு மாட்டியிருந்த உறையைச் சுவரிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தார். நாதஸ்வரம் தொடங்கியதும் அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. இது கோயில் தட்டு இல்லையா பாய் என்றார். செத்த நேரம் பொறுங்க என்றேன். பெண்கள் பாடினார்கள். நடுச்சரணம் வந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெலிந்த குரல் எழுந்தபோது அண்ணாச்சியின் கண்கள் நிறைந்து வழிந்தன. வாய் திறந்து சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். அழுகையும் சிரிப்புமாக என் பக்கம் திரும்பினார்.

“கேட்டீயளா பாய்? இதான். இதேதான் அவ குரலு. இத எப்படி மறந்தேன்?”

பிறகு மனைவி பக்கம் குனிந்து, நீதானே என்று கேட்டார். அக்கா சிலேட்டை எடுத்தார். பாட்டு முடிந்து முள் கிர் கிர் என்று உரசிக்கொண்டிருந்தது. அப்புறம் எழுதினார்: ‘ஆமா.’

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி தினமும் அதைப் போட்டார். மில்லுக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்து கைகால் கழுவி ஒரு தடவை. தெருவில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். மீதி எழுநூறு தட்டையும் ஒரே நாளில் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தார். ஆள் மாறிவிட்டார், சிரித்துப் பேசினார், மில்லில் ஒழுங்காக வேலை பார்த்தார். பாட்டு ஓடும்போது அக்கா எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது மட்டும் அவருக்குக் கட்டாயம். நான் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் முள் தேய்ந்தது, புது முள் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மூன்று மாதத்தில் இன்னொன்று.

95 ஆடியில் பரிபூரணம் அக்கா தனியாக என் கடைக்கு வந்தார். அவர் பஸ் ஏறி வந்து நான் பார்த்ததே இல்லை. துணிப்பையிலிருந்து சிலேட்டை எடுத்து, ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். ‘இனி முள்ளு இல்லன்னு சொல்லிருங்க பாய்.’

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அசனத்துக்கு உங்களுக்கு மைக் வைத்தவன் நான், முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது என்றேன். முந்தானையால் சிலேட்டைத் துடைத்து எழுதினார். மெட்ராஸில் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சலாம். வேறு ஊர்ப் பெண் ஒருத்தி அந்தச் சரணத்தைப் பாடியிருக்கிறாள். ஊர் திரும்பியதும் அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டார், மறுக்க வாய் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். தட்டு கிடைக்கவே கூடாது என்று பதினொரு வருஷம் ஜெபம் பண்ணினாராம்.

உண்மையை இப்போதாவது எழுதிக் காட்டிவிடலாமே அக்கா, அண்ணாச்சி நல்ல மனிதர், கோபப்படமாட்டார் என்றேன். அவர் தலையை அசைத்தார். துடைத்து எழுதியதை என் பக்கம் திருப்பினார்.

‘கோவத்துக்கு பயமில்ல. அவிய என் குரல மறந்துட்டாவ. அத தெனமும் ரெண்டு தடவ நான் பாக்க வேண்டாம்.’

அண்ணாச்சி அடுத்த முறை வந்தபோது முள் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதற்குத்தான் அதிகம் வேர்த்தது. அவர் கலங்கவில்லை. தேடிப் பழகிய ஆள். தென்காசி, கோவில்பட்டி, மதுரை என்று மறுபடி கிளம்பினார். முள்ளுக்காக உடைந்த பிளேயர்களை வாங்கிவந்தார். தட்டுகள் இருந்த இடத்தில் பிளேயர்கள் குவிந்தன. அவற்றில் இருந்த முள்ளெல்லாம் மொட்டை, இல்லாவிட்டால் வேறு மாடல். சோதித்துச் சொல்ல என்னிடம்தான் கொண்டுவருவார். ஒன்றிரண்டு நல்ல முள்ளும் வந்தது. அவற்றையும் பொருந்தாது என்று வாங்கி வைத்துக்கொண்டேன். என் மேஜை இழுப்பறையில் இப்போது, கடையில் ஏற்கெனவே இருந்ததையும் சேர்த்து, ஐந்து முள் இருக்கிறது.

இரண்டு வருஷம் இப்படியே போனது. போன பங்குனியில் வந்தார். முள் வந்ததா என்று கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இனிம தேட வேண்டாம் பாய். முள்ளு இல்லாட்டி போகுது. கண்ண மூடுனா அவ குரலு அப்படியே கேக்கு. பரிபூரணம் அடுப்படியில நின்னு பழைய காலத்துல பேசுனது, சிரிச்சது, எங்கம்மா செத்தப்ப சொன்னது, எல்லாம் இப்ப அந்தக் குரல்லயே கேக்கு.”

அந்தச் சரணத்தை எனக்காக முனகிக் காட்டினார். மெலிந்து, உச்சத்தில், வரி முடியும் இடத்தில் சுத்தமாக நின்றது. அந்தத் தாழ்ந்த குரல், அந்த நடுக்கம், இந்த உலகத்தில் இனி என் காதில் மட்டும்தான் மிச்சம். அதை எடுத்து யாரிடமும் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

என் கை இழுப்பறைமேல் இருந்தது. நல்லது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு டீ சொன்னேன்.